நோல்வென்னின் கிண்ணம்

அந்தப் பெயர் கிடைத்துவிட்டது.

மூன்றாவது பெட்டியின் அடியில், பழைய பத்திரிகைத் தாளுக்குள் சுருட்டி வைத்திருந்தார்கள். இரண்டு காது வைத்த கிண்ணம். விளிம்பில் நீலக் கோடு, அதன் கீழே பெயர். அவள் குந்தியிருந்தபடியே ஒவ்வோர் எழுத்தாக விரலால் தடவி வாசித்தாள். கைபேசியை எடுத்து, மகன் அனுப்பிய குறுஞ்செய்தியோடு ஒப்பிட்டும் பார்த்தாள்.

நோல்வென்.

அதேதான்.

உடனே திரும்பிப் பார்த்தாள்.

கணவர் எதிர்க்கடையில் நின்றார். துருப்பிடித்த துளைக்கருவி ஒன்றைப் பெரிய பொறியியலாளர் மாதிரிப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அதே மாதிரி வீட்டில் மூன்று கிடக்கின்றன. கிடக்கட்டும், நாலாவதையும் பார்க்கட்டும். அவர் முதுகு இந்தப் பக்கம் இருக்கும்வரை அவளுக்கு நேரம் இருக்கிறது.

பூச்சாடி வாங்க வேண்டும் என்று பொய் சொல்லித்தான் இந்தப் பழம்பொருள் சந்தைக்கு அவரைக் கூட்டி வந்திருந்தாள். பாரிஸுக்கு வெளியே, ஞாயிற்றுக்கிழமை, பேரங்காடியின் கார் நிறுத்துமிடம். கைவிரல் விறைக்கும் குளிர்.

நோல்வென், மகன் நிரோஜனின் மனைவி. கடற்கரை ஊர்க்காரி. அந்த ஊர் வழக்கப்படி, அவள் பிறந்தபோது அவள் பெயரை எழுதி ஒரு கிண்ணம் வாங்கினார்களாம். அன்றிலிருந்து காலைக் கோப்பி அதில்தான், பாண் துண்டைத் தோய்த்துத் தோய்த்து. வீடு மாறும்போது அது உடைந்துவிட்டது. புதியது கடையில் கிடைக்கிறது, இந்தப் பழைய நீலம் கிடைப்பதில்லை என்று நிரோஜன் தொலைபேசியில் சொன்னான்.

"அழுதவள், அம்மா."

அதுவரை அந்தப் பெண் அவளுக்கு ஒரு படத்தில் இருந்த செம்பட்டைத் தலை மட்டும்தான். ஒரு கிண்ணத்துக்காக அழுதாள் என்று கேட்ட பிறகுதான் அவளைப் பிடித்துப்போனது.

அவருக்கு அதெல்லாம் சொல்ல முடியாது.

கேட்காமல் கல்யாணம் செய்தவன் என்று மகனைத் தலைமுழுகி இரண்டு வருடம். அவன் வாசலை மிதித்தால் என் வாசலுக்கு வரக்கூடாது என்று ஒரே வார்த்தை. ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்க வேண்டும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்க வேண்டும் என்பார்கள். அவள் ஆடியும் பார்த்தாள், பாடியும் பார்த்தாள்.

பிறகு அவருக்குத் தெரியாமல் ரயில் டிக்கெட் வாங்கினாள். வருகிற சனிக்கிழமை, காலை ஏழு மணி. டிக்கெட் மிளகாய்த்தூள் போத்தலுக்கு அடியில் இருக்கிறது. போய்விட்டுத் திரும்பி வந்தால் கதவு திறக்குமா என்று அவளுக்குத் தெரியவில்லை. முப்பத்தொரு வருடம் கூடவே வாழ்ந்த மனுஷன்தான், ஆனாலும் தெரியவில்லை.

வெறுங்கையோடு மட்டும் போகக் கூடாது.

கிண்ணத்தை இடது உள்ளங்கையில் ஏந்தினாள். வலது விரலை மடக்கி ஒரு தட்டுத் தட்டினாள்.

யோசித்துச் செய்யவில்லை. ஊரில் நெல்லியடிச் சந்தையில் சட்டி வாங்கிப் பழகிய கை. தட்டாமல் எந்தப் பாத்திரத்தையும் அது வாங்காது.

"மதாம்! மதாம்!"

கடைக்காரி கதிரையை விட்டே எழும்பிவிட்டாள். மெல்ல, உடைந்துவிடும், உடைந்துவிடும் என்று பிரெஞ்சில் கத்தினாள். சந்தையில் பாதிப் பேர் திரும்பினார்கள்.

அவரும் திரும்பினார்.

அதைவிடக் கொடுமை, கிண்ணம் எழுப்பிய சத்தம். ணங் என்று கேட்டிருக்க வேண்டும். டொக் என்று அடங்கிப்போனது. கண்ணுக்குத் தெரியாமல் எங்கேயோ வெடித்திருக்கிறது.

மூன்று ஞாயிற்றுக்கிழமை தேடிக் கிடைத்த ஒரே ஒரு கிண்ணம்.

பரவாயில்லை, யார் தட்டிப் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தாள். நினைத்ததும் வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடே பணப்பையைத் திறந்தாள்.

சப்பாத்துச் சத்தம் பக்கத்தில் வந்து நின்றது.

கிண்ணத்தைத் தாளுக்குள் மறைக்க நேரமில்லை. பெயர் மேலே பார்த்துக்கொண்டிருந்தது. அவருக்கு அவளைவிட நன்றாகப் பிரெஞ்சு வாசிக்கத் தெரியும்.

அவர் வாசித்தார். கடைக்காரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

இங்கேயே தொடங்கப் போகிறார், இத்தனை சனத்துக்கு முன்னால், என்று அவள் பல்லைக் கடித்தாள். தொடங்கட்டும். கிண்ணத்தை விடுவதில்லை.

அவர் குனிந்து அதை அவள் கையிலிருந்து எடுத்து, தானும் விரலால் மெல்லத் தட்டினார்.

"முதன்முதலா மருமகளைப் பாக்கப் போறீர். வெடிச்ச சட்டியையே கொண்டு போறது?"

அவள் நிமிரவில்லை.

சனிக்கிழமையைப் பற்றி அவள் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. எப்போது கண்டுபிடித்தார் என்று கேட்கப் பயமாக இருந்தது. கேட்டால் ஞாபகம் வந்து மறுபடி கோபப்படுவாரோ என்று வாயை மூடிக்கொண்டாள்.

கண் மட்டும் சொல் கேட்கவில்லை. கழுத்துச் சால்வையால் குளிருக்குத் துடைப்பதுபோல் துடைத்தாள்.

அவருக்கு இரண்டு முழங்காலிலும் வலி. கோயிலில்கூடக் கதிரை கேட்கிற ஆள். மேசை விளிம்பைப் பிடித்து, முனகி, மெல்ல அவளுக்குப் பக்கத்தில் குந்தினார்.

நாலாவது பெட்டியைத் தன் பக்கம் இழுத்தார். ஒரு கிண்ணத்தை எடுத்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பெயரை வாசித்தார்.

அது இல்லை.

வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார்.