பிரஷ்ஷுக்குத் தெரியாமல்

தொண்டை கரகரத்ததுமே அருமைநாயகத்துக்குச் சந்தோஷமாகிவிட்டது. பல் தேய்க்கிற பிரஷ்ஷே எச்சிலைச் சோதித்து, கிருமியின் பெயரைச் சொல்லி, சுவர்ப்பெட்டியிலிருந்து மாத்திரையையும் தள்ளிவிடும் காலம் அது. தூத்துக்குடியில் யாருக்கும் காய்ச்சல் வந்தே பல வருஷமாயிற்று. அதனால் அன்று அவர் பிரஷ்ஷைத் தொடவில்லை. உப்பை விரலில் எடுத்துத் தேய்த்துக்கொண்டார்.

கல்யாணமான புதிதில் அவருக்குக் காய்ச்சல் கண்டபோது, மனைவி ஸ்டெல்லா பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். மிளகு ரசமும் சுட்ட அப்பளமும் கொடுத்து, நிமிஷத்துக்கொரு தரம் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். இப்போது ஆளுக்கொரு அறை. தொட்டுப் பார்க்க ஒரு காரணமும் வாய்ப்பதில்லை.

மறுநாள் உடம்பு கொதித்தது. போர்த்திப் படுத்துக்கொண்டு காத்திருந்தார். மத்தியானம்வரை ஸ்டெல்லா எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கோபமாக எழுந்து போனால், அவள் அறையில் அவளும் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு கிடந்தாள்.

"நீயும் பிரஷ்ஷத் தொடலையா?"

"முன்ன எனக்குக் காய்ச்சல் வந்தப்போ கஞ்சி வச்சுத் தந்தீங்கள்லா, அடிபிடிச்ச கஞ்சி. அது ஞாபகம் வந்துட்டு."

அவர் குனிந்து அவள் நெற்றியில் கை வைத்தார். "சுடவே இல்லையே!"

"உங்க கையுந்தான கொதிக்கு, பெறவு எப்படித் தெரியும்?" என்றாள் ஸ்டெல்லா. "சூடு தெரியுத வரைக்கும் எடுக்காதீங்க."