காணிக்கைப் பை

"அம்மா, லூக்கா ஒரு டாக்டர்னு சண்டே ஸ்கூல்ல சொன்னாங்க. அப்போ இயேசப்பா அவர்ட்ட மருந்தையெல்லாம் தூரப் போடச் சொன்னாங்களா?"

மகள் எலினா இப்படிக் கேட்ட நாளிலிருந்தே வின்சிக்கு நிலைகொள்ளவில்லை.

ராஜபாளையம் கல்யாண மண்டபத்தில் ஜெபக்கூட்டம் நிரம்பி வழிந்தது. மேடையில் பாஸ்டர் ஞானராஜ் முழங்கிக்கொண்டிருந்தார்.

"மாத்திரையும் விசுவாசமும் ஒரே வீட்டில் குடியிருக்காது! உங்கள் மாத்திரைகளைக் காணிக்கைப் பையில் போடுங்கள். இன்றே சுகம்!"

வின்சியின் கைக்குள் எலினாவின் வலிப்பு மாத்திரை அட்டை கசங்கியது.

"ஏட்டி, என்ன முழிக்க? பை வந்துட்டுல்லா," என்றாள் மாமியார் அமிர்தவல்லி.

"அத்தை, இதை நிறுத்தினா பிள்ளைக்கு உயிருக்கே ஆபத்துன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

"டாக்டர் பெரிசா, ஆண்டவர் பெரிசா?"

"அந்த டாக்டரைத் தந்ததும் ஆண்டவர்தான? பிள்ளைக்கு மருந்து குடுக்கிற தாயைப் பாத்து அவரு கோவப்படுவாரா?"

"வாய் மட்டும் எம்புட்டு நீளுது! ஒன் அவிசுவாசத்தாலதான் பிள்ளை இன்னும் வெட்டு வலிப்பு வந்து விழுதா. நீ போடலேன்னா நானே புடுங்கிப் போடுதேன்."

ஞானராஜின் மனைவி, நீண்ட வெல்வெட் பையைப் பிடித்தபடி வரிசையில் வந்தார். யார் என்ன போடுகிறார்கள் என்று தெரியாதபடி, மூடிய கையைப் பைக்குள் விட்டுப் போடுவதுதான் வழக்கம். பாஸ்டரம்மா சிரித்து யாரும் பார்த்ததில்லை.

"போடும்மா. சந்தேகப்படாத," என்றார் அதட்டலாக.

வின்சி கண்களை மூடிக்கொண்டு, முழங்கை வரை கையைப் பைக்குள் விட்டாள். கை வெளியே வந்ததும் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"அல்லேலூயா!" என்றாள் அமிர்தவல்லி.

ஒரு வாரம் போனது. எலினாவுக்கு வலிப்பு வரவில்லை. "மாத்திரையே இல்லாம எம் பேத்தி துள்ளிக்கிட்டுத் திரியுதா, பாருங்க!" என்று அமிர்தவல்லி தெருவெல்லாம் சாட்சி சொன்னாள். அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் வின்சி அடுக்களைக்குள் போய்விட்டாள்.

அடுத்த கூட்டம் ஸ்ரீவில்லிபுத்தூரில். வாசலிலேயே ஒரு பெண் ஓடி வந்து வின்சியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் கூமாப்பட்டி வெள்ளத்தாய். எம் மவனுக்கும் வலிப்புத்தான் தாயி. ஒங்க மவளுக்கு மாத்திரையில்லாமலே சொகமாயிருச்சுன்னு ஒங்க அத்தை சொன்னாவ. அதைக் கேட்டுத்தான் நானும் அவன் மாத்திரையைக் கொண்டாந்துட்டேன்."

வின்சி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஆனால் முதுகுக்குப் பின்னாலேயே மாமியார் நின்றிருந்தாள்.

வின்சி நேரே பாஸ்டரம்மாவிடம் போனாள்.

"அக்கா, இன்னைக்குப் பொம்பளைக பக்கம் நான் பை பிடிக்கட்டுமா?"

அவர் அவளையே உற்றுப் பார்த்தார். பிறகு பையை அவளிடம் நீட்டினார்.

"பாத்தியளா, எம் மருமவளுக்கு வந்த விசுவாசத்த!" என்று அமிர்தவல்லி பக்கத்திலிருந்தவளை இடித்தாள்.

வரிசை வரிசையாகப் பை நகர்ந்தது. வெள்ளத்தாயின் முறை வந்தது. அவள் கண்கள் நிறைந்திருந்தன. மூடிய கை பைக்குள் இறங்கியது.

"போடுங்க அக்கா. சந்தேகப்படாதீங்க!" என்று எல்லாருக்கும் கேட்கும்படி அதட்டினாள் வின்சி.

அதட்டிக்கொண்டே, மாத்திரை நழுவிவிடாதபடி வெல்வெட் துணிக்கு வெளியிலிருந்து அந்த விரல்களை இறுக மூடிப் பிடித்து, கையை மூடியபடியே மேலே தள்ளிவிட்டாள். போன வாரம் பாஸ்டரம்மா அவளுக்குச் செய்ததைப் போலவே.