பூவரசடிக் குள்ளர்

"டீச்சர், இந்தக் குப்பையெல்லாம் இண்டைக்கே அள்ளிப் போடுங்க!"

பாலர் பாடசாலை முற்றத்தில் வந்து நின்ற வேகத்திலேயே தக்ஷாயினி கத்தினாள். அவள் விரல் நீட்டிய இடத்தில், வாவிக்கரைப் பூவரசு மரத்தடியில், சாண் உயரத்துக்குச் சின்னச் சின்ன வீடுகள். கிடுகுத் துண்டுதான் கூரை. தென்னங் குரும்பட்டி அடுக்கி மதில். ஒரு வாசலில் சிவப்புத் துணித் தொப்பியோடு ஒரு புன்னைக்காய் உட்கார்ந்திருந்தது.

"குப்பையில்லக்கா, குள்ளர்ர ஊரு" என்றாள் ஆர்த்திகா டீச்சர்.

"அதத்தான் நானும் கேக்கிறன். விரலளவில குள்ளர் இருக்காங்க எண்டு பொய் சொல்லிக் குடுக்கவா புள்ளையக் குளிப்பாட்டி அனுப்புறம்? என்ட மகள் வீட்ட வந்து என்ன சொல்றா தெரியுமா? குள்ளருக்கு மூணு பொம்புளப் புள்ளையாம். ஆளுக்கொரு வீடு கட்டாட்டிக் கலியாணம் முடிச்சுக் குடுக்க ஏலாதாம்!"

டீச்சருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அது நான் சொல்லிக் குடுத்ததில்லக்கா. நம்மட ஊரில பொம்புளப் புள்ளைக்குத்தானே வீடு கட்டுறம். அதப் பார்த்து அவங்களே கண்டுபிடிச்சது."

அந்தச் சிரிப்பில் தக்ஷாயினிக்குக் கோபம் இன்னும் தலைக்கேறியது. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையில் மகள் நிருஷாவை எப்படியும் சித்தியடைய வைப்பது என்று, பிள்ளை தொட்டிலில் கிடந்தபோதே முடிவெடுத்த தாய் அவள். பிள்ளைக்கு இப்போதுதான் ஐந்து வயது.

"அ, ஆ எழுதுற நேரத்தில மண் அளையுதுகள்!"

"வந்த உடன எந்த எறும்பு எந்த வீட்டுக்குப் போகுது எண்டு குந்தியிருந்து பாக்குதுகள். நண்டு வளைக்குப் பக்கத்தில கட்டின வீடு ஏன் இடிஞ்சது எண்டு கேக்குதுகள். கேள்வி கேக்கிற புள்ளைக்கு எழுத்து பிறகு தானா வரும்."

"கதையெல்லாம் வேணாம். பொய் கேட்டு வளர்ற புள்ள பொய்தான் சொல்லும். நீங்க எடுக்கிறீங்களா, நான் எடுக்கவா?"

டீச்சரின் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது.

"எடுக்க மாட்டன். இத எடுக்கிறதெண்டா முதல்ல என்ன இஞ்ச இருந்து எடுங்க" என்று மரத்தடியில் போய் நின்றுகொண்டாள்.

தக்ஷாயினி விடுகிற ஆளா? மகளைக் கூப்பிட்டாள்.

"மகள், இஞ்ச வா. அம்மாட்ட உண்மையச் சொல்லு. இந்த வீட்டுக்குள்ள குள்ளர் இருக்காங்களா?"

கையெல்லாம் சேறாக நின்ற நிருஷா டீச்சரைப் பார்த்தாள். தாயைப் பார்த்தாள்.

"ஓம்மா, இருக்காங்க."

"பாத்தீங்களா டீச்சர்? புள்ள அப்பிடியே நம்பிட்டுது! இதுக்கு ஒரு முடிவு கட்டாம நான் விடமாட்டன்."

சொன்னபடியே, அன்று பொழுதுபடுகிற நேரம் பெற்றார் சங்கத் தலைவருக்குத் தொலைபேசி அழைப்பு போனது.

"ஓம் உதயரூபன் அண்ணன், காலையில ஆக்களக் கூட்டிட்டு வாங்க. அந்த மரத்தடியத் துப்பரவாக்கிக் கொங்கிறீட் போடுவம். டீச்சர் போறதெண்டாப் போகட்டும்."

பேசி முடித்துத் திரும்பினால், நிருஷா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"இன்னும் முடிக்கல்லையா? கெதியாச் சாப்பிடு மகள். இல்லாட்டி ஆத்துப் பேய் எழும்பி வரும்" என்று வாவிப் பக்கத்து ஜன்னலைக் காட்டினாள் தக்ஷாயினி. "சாப்பிடாத புள்ளையளத்தான் தேடிப் பிடிக்குமாம். அந்தா, சத்தம் கேக்குது!"

நிருஷா கண்ணை உருட்டிக்கொண்டு மளமளவென்று அள்ளி விழுங்கினாள். தக்ஷாயினிக்குப் பரம திருப்தி.

சோற்றுக் கோப்பை காலியானதும் மகள் மெல்ல வந்து அவள் மடியில் ஏறினாள்.

"அம்மா, டீச்சரப் போகச் சொல்லாதீங்கம்மா. குள்ளர் இல்ல எண்டு எங்க எல்லாருக்கும் தெரியும்."

தக்ஷாயினி திடுக்கிட்டாள்.

"அடி கள்ளி! அப்ப ஏன் எனக்குப் பொய் சொன்ன?"

"அது பொய்யில்லம்மா, விளையாட்டு. டீச்சரும் நாங்களும் சேந்து விளையாடுறம். உங்கட ஆத்துப் பேய்தான் பொய். அதுக்கும் பயந்த மாதிரித்தானே ஒவ்வொரு நாளும் சோத்த முடிக்கிறன், நீங்க பாவமெண்டு!"