கிர்க்பி போகும் இருபத்தாறு

பாலத்துக்கு முன்னால் பேருந்து நின்றது. எல்லோரும் கேமராவைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள்.

நான் மட்டும் இறங்கவில்லை. என் மடியில் பை இருந்தது. பைக்குள் என் கணவர் வில்ஃபின் துவைத்து மடித்த பைஜாமா இருந்தது.

"என்ன, வண்டில ஏதாவது கோளாறா?" என்று கேட்டேன்.

"போட்டோ எடுக்கத்தாம்மா," என்றார் க்ளைவ். தொழில் பல் டாக்டர், இன்றைக்குக் கண்டக்டர் உடுப்பு. "வண்டி பின்னால போயி மறுபடியும் பாலத்து மேல வரும். நாங்க கீழ நின்னு எடுப்போம். உங்களுக்கு ஒண்ணும் அவசரமில்லையே?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

வாய் தன் பாட்டுக்குச் சொல்லிவிட்டது. எங்கள் பள்ளத்தாக்கில் யார் என்ன கேட்டாலும் இதுதான் பதில். கால் ஒடிந்து கிடக்கும்போதும் பரவாயில்லை என்போம். நல்ல பழக்கம் என்று இதற்குப் பெயர் வேறு.

காலையில், வில்ஃப் படுத்திருந்த கிர்க்பி ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்திருந்தது. "இன்னிக்கே வந்துட்டீங்கன்னா நல்லது," என்றாள் நர்ஸ். அந்த நல்லதுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. கற்றுக்கொள்ளும் தேவை வரவேயில்லை. டாக்சிக்காரன் பிற்பகலில்தான் வர முடியும் என்றான். எங்கள் ஊர் வழியாகக் கிர்க்பி போய்க்கொண்டிருந்த இருபத்தாறாம் எண்ணை, ஆளே ஏறுவதில்லை என்று சொல்லி நிறுத்தி வருடங்கள் ஆகின்றன. நான் ஏறிக்கொண்டுதான் இருந்தேன். என்னை யாரும் ஆளாகக் கணக்கில் எடுக்கவில்லை.

வருடத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் அது வரும். பழைய பேருந்துப் பிரியர்கள் சேர்ந்து, அந்தக் காலத்து லேலண்ட் ஒன்றைத் துடைத்து மெருகேற்றி, அதே வழியில் ஓட்டிப்பார்ப்பார்கள். அந்த நாள் இன்றைக்கு வந்து வாய்த்ததே என்று சந்தோஷப்பட்டேன். நர்ஸுக்குத் திரும்பப் போன் செய்து, இருபத்தாறில் வருகிறேன் என்று வில்ஃபிடம் சொல்லச் சொன்னேன்.

நிறுத்தத்தில் நான் கை காட்டியதும் உள்ளே இருந்தவர்கள் கைதட்டினார்கள். நிஜமான பயணி ஒருத்தி கிடைத்துவிட்டாள் அல்லவா. க்ளைவ் தன் மெஷினைச் சுற்றி, போக வர ஒரே சீட்டாகக் கிழித்துக் கொடுத்தார்.

முதல் தடவை பாலத்தில் யாருடைய காரோ குறுக்கே வந்து படத்தைக் கெடுத்தது. பேருந்து மறுபடியும் பின்னால் போனது. இரண்டாவது தடவை சூரியன் மேகத்துக்குள் போய்விட்டது.

சூரியன் வரட்டும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். க்ளைவ் மேலே ஏறி வந்து, ஜன்னலுக்கு மேல் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த கறுப்பு வெள்ளைப் படத்தைக் காட்டினார். இதே பேருந்து. தொப்பியைப் பின்னால் தள்ளிவிட்டுக்கொண்டு, அதன் மூக்கில் சாய்ந்து நிற்கும் டிரைவர்.

"இந்த வண்டியோட ஒவ்வொரு ஆணியும் எங்கேர்ந்து வந்துதுன்னு கண்டுபிடிச்சிட்டோம். இந்த மனுஷன் பேரு மட்டும் கிடைக்கல. உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது," என்றேன். "கொஞ்சம் சீக்கிரம் போலாமா?"

"இதோ கிளம்பிடலாம்மா. அந்தக் காலத்துல யாரு இப்படிப் பறந்தா? அதுதானே அழகே."

அந்தக் காலத்தில் எல்லோரும்தான் பறந்தோம். ஆலைச் சங்கு ஊதுவதற்குள் போய்ச் சேரவேண்டும் என்று இதே வண்டியில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றோம். இந்தப் பாலத்தைப் பார்க்க யாருக்கு நேரம் இருந்தது.

சூரியன் நிதானமாக வந்தது.

ஆஸ்பத்திரியில் அந்த நர்ஸ் வாசலிலேயே நின்றிருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டதும் எனக்குப் புரிந்துவிட்டது.

"இப்பத்தாம்மா. கொஞ்சம் முன்னாடி வரைக்கும் பேசிட்டிருந்தாரு. நீங்க இருபத்தாறுல வர்றீங்கன்னு சொன்னதும் சிரிச்சாரு. 'அப்ப லேட்டாகாது, நான் ஓட்டுன வண்டியாச்சே'ன்னாரு. அப்புறம் கதவையே பாத்துட்டிருந்தாரு."

சாயங்காலம் ஊர் திரும்ப வேறு பேருந்து கிடையாது. போக வர எடுத்த சீட்டு கோட்டுப் பையில் இருந்தது.

இருபத்தாறில் ஏறி, படத்துக்குக் கீழே இருந்த இருக்கையில் உட்கார்ந்தேன். தொப்பியை அப்படி வைக்காதே, ரௌடி மாதிரி இருக்கிறாய் என்று அந்த நாளில் தினமும் திட்டியிருக்கிறேன். கேட்கிற ஆளா அவர்.

"என்னம்மா, யாருன்னு ஞாபகம் வந்துதா?" என்று க்ளைவ் கேட்டார்.

தலையை ஆட்டி இல்லை என்றேன். இவர்களுக்கு எதற்கு அவர் பெயர். வண்டியே போதும் இவர்களுக்கு.

பாலம் வந்தது.

"வெளிச்சம் அருமையா இருக்கும்மா. ஒரே ஒரு தடவை நிறுத்திக்கட்டுமா? அவசரமில்லையே?"

"இல்ல. இனிமே இல்ல."

அவர் நன்றி சொல்லிவிட்டு இறங்கினார். கீழே போய் நின்றுகொண்டு, ஜன்னலோரமாக நகர்ந்து உட்காரும்படி கையை ஆட்டினார். படத்தில் ஒரு பயணியாவது தெரிந்தால் அந்தக் காலம் மாதிரியே இருக்குமாம்.

நகர்ந்து உட்கார்ந்தேன். மடியில் பை இருந்தது. பைஜாமா வைத்த மடிப்புக் கலையாமல் அப்படியே இருந்தது.