முதலில் நீ சாப்பிடு

“மொதல்ல நீ ஒண்ணு சாப்பிடு பாய்” என்றார் கலியபெருமாள்.

சாந்த் பாஷா நீட்டிய தட்டு அப்படியே நின்றது.

“நோன்புங்க” என்றார்.

கலியபெருமாள் கையில் எடுத்த நெய் பிஸ்கட்டைத் திரும்பத் தட்டிலேயே வைத்தார். தலையை ஆட்டிவிட்டு அடுத்த கடைக்கு நகர்ந்தார். கம்பெனி குமாஸ்தா நோட்டும் கையுமாகப் பின்னால் போனார்.

அவ்வளவுதான். முடிந்துவிட்டது.

செஞ்சியில் உணவுப் பண்டக் கண்காட்சி நடப்பது அதுதான் முதல் தடவை. பொங்கல் கழிந்த வாரம். பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டு அப்பளம், ஊறுகாய், கடலை மிட்டாய் என்று இருபது கடைகள். அத்தனை பேரும் காத்திருந்தது கலியபெருமாளுக்காக. மதராஸில் ஏழு கடை வைத்திருக்கும் கம்பெனிக்குச் சரக்கு பிடிப்பவர் அவர். அவர் நாக்கு ஒப்புக்கொண்டால் மாதாமாதம் பட்டணத்துக்குச் சரக்கு போகும்.

பஜாரில் பாக்கெட் பிஸ்கட் வந்ததிலிருந்து சாந்த் பாஷாவின் அடுப்பு வாரத்தில் மூன்று நாள்தான் எரிகிறது. இதுவும் கைவிட்டால் வாணியம்பாடிக்குப் போய் மச்சானோடு தோல் பதனிடும் ஷாப்பில் நிற்பது என்று வீட்டில் பேசி முடித்தாயிற்று.

பக்கத்துக் கடையில் அப்பளம் போட்டிருந்த தைலம்மாளிடமும் கலியபெருமாள் அதையேதான் செய்தார். அப்பளத்தை உடைத்துப் பாதியை அவளுக்குக் கொடுத்தார். அவள் மென்று விழுங்கும் வரை பார்த்துக்கொண்டே நின்றார். அதன் பிறகுதான் தன் பாதியை வாயில் போட்டார்.

விற்கிறவன் தின்னாத பண்டத்தை அவர் தொடுவதில்லை என்று பந்தல் முழுக்கப் பேச்சாகிவிட்டது.

ஒரு நோன்பை விட்டுவிட்டுப் பிறகு ஒருநாள் வைத்திருக்கலாமோ? சாந்த் பாஷா தட்டையே பார்த்தார். ஒரு பிஸ்கட். ஒரே ஒரு வாய்.

அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. விடியலில் சுட்ட பிஸ்கட்டை வீட்டில் ஒருவரும் வாயில் வைத்துப் பார்க்கவில்லை. எல்லோருக்கும் நோன்பு. நெய் டின்னைத் திறந்தபோது லேசாக ஒரு வாடை வந்தது. வேறு டின் தேட நேரமில்லை.

பொழுது ராஜகிரிக் கோட்டைக்குப் பின்னால் இறங்கும் வரை தட்டின் மேல் ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பள்ளிவாசலில் பாங்கு கேட்டது. பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்து நிமிர்ந்தால், எதிரில் கலியபெருமாள்.

“நோன்பு எப்ப முடியும்னு விசாரிச்சிக்கினுதான் இருந்தேன். இப்ப சாப்பிடு.”

சாந்த் பாஷா கடித்தார்.

கெட்ட நெய்யின் காறல். நாக்கில் பட்டதும் தெரிந்துவிட்டது.

கலியபெருமாளின் கண் அவர் முகத்தை விட்டு அசையவில்லை. சாந்த் பாஷா மென்றார், விழுங்கினார், சிரித்தார். “நல்லா வந்திருக்குதுங்க.”

கலியபெருமாளும் ஒன்றை எடுத்து நிதானமாகத் தின்றார். கண்டுபிடித்துவிடுவார், இதோ துப்பப்போகிறார் என்று சாந்த் பாஷா மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்.

“திங்கக்கிழமை இருபது கிலோ” என்று குமாஸ்தாவிடம் சொன்னார் கலியபெருமாள். குமாஸ்தா சீட்டு எழுதிக் கிழித்துக் கொடுத்தார்.

அந்த நேரம் பார்த்து ரோஷன் பீ கணவனுக்காகத் தூக்குச் சட்டியில் நோன்புக் கஞ்சி கொண்டு வந்தாள். விஷயம் தெரிந்ததும் கை கால் ஓடாமல், முதல் டம்ளரை விருந்தாளிக்கே ஊற்றினாள். குமாஸ்தா பஸ்ஸில் இடம் பிடிக்கப் போய்விட்டார். கலியபெருமாள் டம்ளரைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, “ரொம்ப நல்லா இருக்குதும்மா” என்று சொல்லிக் கிளம்பினார்.

சாந்த் பாஷா தன் டம்ளரில் ஒரு வாய் குடித்தார். குடித்ததைத் தரையில் துப்பினார். வாய் எரிந்தது.

ரோஷன் பீ விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். “அல்லாவே! ரெண்டு தடவ உப்பு போட்டுட்டேன். இத அந்த மனுசன் எப்டிங்க குடிச்சாரு?”

சாந்த் பாஷா கையிலிருந்த சீட்டைப் பார்த்தார். அப்பளம் தின்ற தைலம்மாளின் முகத்தைக் கலியபெருமாள் பார்த்துக்கொண்டு நின்றது நினைவுக்கு வந்தது. தான் சிரித்த சிரிப்பும்.

செருப்பைக் கூடப் போடாமல் ஓடினார்.

பஸ் ஸ்டாண்டில் திண்டிவனம் பஸ் உறுமிக்கொண்டிருந்தது. கலியபெருமாள் ஜன்னலோரம் இருந்தார். சாந்த் பாஷா கம்பியைப் பிடித்துக்கொண்டார். மூச்சு வாங்கியது.

“ஐயா, நெய் காறலுங்க. தெரிஞ்சே சிரிச்சிட்டேன். உங்களுக்கு ருசி தெரியாதுன்னு எனக்கு...”

கம்பிக்குள்ளிருந்து ஒரு கை வந்து அவர் மணிக்கட்டைப் பற்றியது. காலையிலிருந்து ஊரே அண்ணாந்து பார்த்த அந்த முகத்தில் ரத்தமே இல்லை.

“மெதுவா பேசு பாய்” என்றார் கலியபெருமாள், உதடு அசையாமல். “பின் சீட்ல குமாஸ்தா இருக்கான்.”

பஸ் நகர்ந்து கைகள் பிரியும் வரை அந்தப் பிடி தளரவில்லை.