வாசற்படியில் இரண்டு நிமிடம்

டாக்டர் வைகுண்டராஜ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வாசற்படியை அடைத்து உட்கார்ந்திருந்த கருத்தம்மாள் அதைக் கவனித்துவிட்டாள்.

"டாக்டரு மணி பாக்காரு. ஆயிரம் சோலி இருக்கும், அனுப்பி வையிங்க" என்றாள் புருஷனிடம்.

நிலைக்கு மேலே வேப்பிலைக் கொத்து தொங்கியது. உள்ளே ஆறு வயதுச் சந்தனம் அம்மை கண்டு ஐந்து நாளாகப் படுத்திருந்தாள். அடுத்த தெருவில் அம்மை கண்ட பிள்ளை ஒன்று போன வாரம் இறந்ததிலிருந்து சந்தனத்தின் அப்பா பால்பாண்டிக்குத் தூக்கமில்லை. ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்கிறவன் அவன். அரை நாள் லீவு போட்டு, பெண்டாட்டிக்குத் தெரியாமல் ஸ்ரீவில்லிபுத்தூர் போய், பிள்ளைகளின் தொற்றுநோய்களுக்கென்றே படித்த டாக்டரை அவர் காரிலேயே கூட்டிவந்திருந்தான்.

கூட்டிவந்தது வாசல் வரைக்கும்தான். கார் சத்தம் கேட்டதும் கருத்தம்மாள் ஏழு மாதக் கைக்குழந்தையோடு படியில் வந்து உட்கார்ந்துவிட்டாள். அம்மை இறங்கி மூன்று தண்ணீர் ஊற்றும்வரை வெளியாள் உள்ளே வரக்கூடாது.

"முத்து போட்ட ஒடம்புல ஊசி குத்தி ஆத்தாளுக்குக் கோவம் வந்தா, என் பிள்ளைய நீங்களா திருப்பித் தருவிய?"

டாக்டர் வாதாடவில்லை. எட்டு வருஷமாக இப்படிப் பல வாசல்களில் நின்று பழகியவர். பையைக் காரிலேயே விட்டுவிட்டு, அவளுக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து விசாரித்தார். சந்தனத்துக்குக் காய்ச்சல் முந்தாநாளே விட்டுவிட்டது. முத்துகள் கருகத் தொடங்கிவிட்டன. காலையில் இளநீர் கேட்டு வாங்கிக் குடித்தாள். நடுவில் சந்தனமே உள்ளிருந்து, வந்திருப்பது என்ன கார் என்று கேட்டாள்.

"சின்னவன் எப்படி இருக்கான்?"

"இவன் தங்கம். நேத்துலருந்து அழுகை இல்ல, பாலுக்குக்கூடக் கேக்கல. அக்காளுக்கு முடியலன்னு இவனுக்கும் வெளங்குது போல."

வெக்கைக்குச் சட்டை போடாமல் மடியில் கிடந்தவனை அவள் முந்தானையால் விசிறினாள். டாக்டர் மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார். இந்தத் தடவை ஒரு முழு நிமிடம் எதுவும் பேசவில்லை.

பால்பாண்டிக்கு மானம் போனது. "ஏட்டி, செத்த நேரம் அவிய உள்ள போயிட்டு வரட்டும்" என்றான்.

அவள் அசையவில்லை. "நேரமாச்சுன்னா கெளம்புங்க டாக்டர். நாங்க ஒண்ணும் நெனைக்க மாட்டோம்."

டாக்டர் எழுந்தார். வேகமாகப் போய்க் காரின் பின்கதவைத் திறந்தார். பால்பாண்டி பின்னாலேயே ஓடினான்.

"ஐயா, அவ பேச்சை விடுங்க. என் மகளைப் பாக்காமப் போயிராதிங்க."

"உங்க மக பொழைச்சுக்கிட்டா. அவளுக்கு ஊசியும் வேண்டாம், மருந்தும் வேண்டாம்." டாக்டர் கதவைப் பிடித்தபடியே கருத்தம்மாளின் மடியைப் பார்த்தார்.

"ரெண்டு தடவை எண்ணிட்டேன், சின்னவன் நிமிஷத்துக்கு எழுவது மூச்சு வாங்குதான், அம்பதைத் தாண்டக்கூடாது. தூக்கிட்டு ஏறுங்கம்மா, இவன் மேல ஒரு முத்துகூட இல்லையே."