பொத்திய கை

தேவாலயத்தில் அறை போலப் பெரிதாக இருந்த பைப் ஆர்கனில் ஒரு குழாய், யாரும் கட்டையைத் தொடாமலே ஊளையிட்டது. துணி அடைத்தால் சீறியது. மனிதக் கை பொத்தினால்தான் அடங்கியது. அதனால் வாராவாரம் ரேடியோவுக்காகப் பதிவு செய்யும்போது, மணியடிக்கும் சுவிசேஷமுத்து ஆர்கனுக்குள் நுழைந்து அந்தக் குழாயின் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பார். கதவு ஆடிச் சத்தம் வருமென்று வெளியே தாழ் போட்டுவிடுவார்கள். இருட்டில் சுற்றிலும் குழாய்கள் அதிர, இருமல் வந்தாலும் விழுங்கிக்கொள்வார்.

ஞாயிறு நிகழ்ச்சியை மனைவி கிரேசம்மாள் ரேடியோவில் காதை வைத்துக் கேட்டாள்.

"இதுல நீங்க எங்க இருக்கீங்க?"

"ஊளை ஏதும் கேக்குதா?"

"இல்லையே."

"அதான் நான்."

அவள் சிரிக்கவில்லை. "ஒரே ஒரு தடவை கைய எடுங்களேன். நீங்க இருக்கிறது எனக்குக் கேக்கட்டும்."

அடுத்த பதிவிலும் வெளியே தாழ் விழுந்தது. இசை மெலிந்து ஏறக்குறைய மௌனமான இடத்தில், சுவிசேஷமுத்து கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை எடுத்தார்.

குழாய் ஊளையிடாமல் சும்மா இருந்தது.

காதை அதன் வாயருகே கொண்டுபோய்க் கேட்டார். பிறகு கையை மறுபடியும் அதன் வாயில் வைத்துப் பொத்திக்கொண்டார்.